வல்லை வெளியில் எத்தனை தரம் இறங்கினீர்கள்?

இருதயப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, போன கிழமை உங்களுடைய அந்த நடக்க வைக்கிற மெசினைப் பார்த்தேன். நோயாளி ஏறி நடக்கிறார். வேகம் கூடுகிறது, பட்டி கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கிச் சாய்கிறது, திரையில் கோடு ஓடுகிறது. நல்ல சாமான். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, மறைக்கமாட்டேன். எங்கள் காலத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் தேவையில்லை, அது பழுதாவதில்லை, பொருளாதாரத் தடையாலும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் பெயர் வல்லை வெளி.

சிரியுங்கோ, பரவாயில்லை. உங்களில் பாதிப் பேர் அந்த வெளியைக் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்தவர்கள். வலிகாமம் முடிந்து வடமராட்சி தொடங்குவதற்கு இடையில் வீடும் மரமும் இல்லாத வெட்டவெளி அது. பக்கத்தில் உப்புத் தண்ணீர், நடுவில் றோட்டு, றோட்டோரத்தில் முனியப்பர் கோயில். மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காற்றிடம் நான் படித்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். மருந்துகளின் பெயர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் டொக்டராக வேலைக்கு வந்தது எண்பத்து மூன்றில். அப்போது எங்கள் வாட்டில் நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, தொய்வு, பாம்புக்கடி இவைதான் கட்டில்களை நிரப்பும். நெஞ்சு வருத்தக்காரர், அதாவது இருதய நோயாளி, ஒருவர் வந்தால் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அதைப் பெரிய உத்தியோகத்தர்களின் வருத்தம் என்றுதான் சனம் நினைத்திருந்தது. அந்த வருசம் கொழும்பில் நடந்த கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்களில் சிலர் நேராக எங்களிடம் வந்தார்கள். கட்டில்கள் மெல்ல மெல்ல மாறத் தொடங்கியதை அப்போதுதான் கண்டேன்.

ஊரும் மாறிக்கொண்டிருந்தது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்கள் இறைக்கிற மெசின் வாங்கினார்கள். சைக்கிள் மிதித்தவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். பட்டர் வந்தது, ரீவியும் டெக்கும் வந்தன, பின்னேரம் முழுக்கக் கதிரையில் இருந்து படம் பார்க்கிற பழக்கமும் வந்தது. கூடவே கவலையும் வந்து கதிரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டது. எந்தப் பிள்ளை எந்த நாட்டில் எந்த மறியலில், எந்தச் சிறையில் இருக்கிறது என்று தெரியாத தகப்பன்மார் எத்தனை பேர் என் முன்னால் வந்து நெஞ்சைப் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு தொண்ணூறில் யுத்தமும் பொருளாதாரத் தடையும் வந்து எல்லாம் நின்றுபோனது. கரண்ட் போனது, பெற்றோல் போனது, மண்ணெண்ணெய் போத்தலில் அளந்து விற்கிற சாமானாகிவிட்டது. மெசின்கள் கொட்டிலுக்குள் போயின. சனம் திரும்பவும் துலாவுக்கும் சைக்கிளுக்கும் வந்தது. ஊர் இருபது வருசம் பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் அதற்குள் இருந்த இதயங்கள் பின்னுக்குப் போகவில்லை. அவை ஐம்பது வயது இதயங்கள், கதிரையில் இருந்தே பழகியவை. எங்கள் கிளினிக்கில் நோயாளிகள் இருக்கிற வாங்குகள் நிரம்பி வழியத் தொடங்கியது அப்போதுதான்.

ஈசிஜி மெசின் இருந்தது. அதற்குக் கடதாசிச் சுருள் இல்லை. வந்த கொஞ்சச் சுருளையும் வாட்டில் சாகக் கிடக்கிறவர்களுக்கென்று பூட்டி வைத்தோம். கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு எங்கள் பெரிய டொக்டர் ஒரு கேள்வி கண்டுபிடித்தார். ஒல்லியான மனுசன். காற்சட்டையின் வலது காலில் சைக்கிள் கிளிப் மாட்டியபடியே வாட்டுச் சுற்றுவார். அவர் பெயர் இங்கே வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வடமராட்சியிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் அவர் முதலில் கேட்பது இதுதான்:

"வரேக்கை வல்லை வெளியிலை எத்தனை தரம் இறங்கினனீங்கள்?"

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கிற காலம் அது. நெல்லியடியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி இருக்கிற பட்டணத்துக்கு வருகிறவருக்கு அந்த வெளி முழுக்க எதிர்க்காற்று. நெஞ்சு இறுகினால் சைக்கிளால் இறங்கி நிற்கத்தான் வேண்டும். ஒருதரமும் இறங்காதவருக்குப் பயமில்லை, ஒருதரம் இறங்கினவரைக் கவனிக்க வேண்டும், அதற்கு மேலென்றால் கட்டில் தேடவேண்டும். இவ்வளவுதான் எங்கள் பரிசோதனை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அது பெரும்பாலும் பிழையாகவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. முனியப்பரடியில் எல்லோரும் இறங்குவார்கள். அது ஊர் வழக்கம், பஸ்ஸே அங்கே நின்றுதான் போகும். ஒருதரம் ஒரு வயதானவர், "முனியப்பரிட்டை மட்டும்தான் இறங்கினனான்" என்று சத்தியம் பண்ணினார். என்ன கும்பிட்டீர்கள் என்று நான் சும்மா கேட்டேன். "தெரிஞ்ச தேவாரம் எல்லாம் பாடி முடிச்சனான்" என்றார். அவருடைய நெஞ்சு வலி அடங்க அவ்வளவு தேவாரம் தேவைப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து, முனியப்பரிடம் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினோம். பக்தியைச் சந்தேகிக்கிற பாவத்தை நாங்கள் செய்துகொண்டுதான் இருந்தோம்.

றைவர் அண்ணை எங்களிடம் முதல் வந்தது அப்படியொரு ஆடி மாதத்தில்.

பருத்தித்துறைப் பஸ் ஓட்டியவர். நெல்லியடியில் வீடு. நான் படிக்கிற காலத்தில் அவருடைய பஸ்ஸில் போயிருக்கிறேன். இடது பக்க முன் சீற்று கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. வெளிக்குள் பஸ் இறங்கியதும் காற்று யன்னலால் அடித்துப் பின்னலை அவிழ்த்துவிடும். அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் பீடியோடு, யாரோடாவது சண்டை பிடிக்கிற குரலில் பகிடி சொல்லிக்கொண்டு வருவார். டீசல் இல்லாமல் பஸ்கள் டிப்போவில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்ட பிறகு, மூன்று பொம்பிளைப் பிள்ளைகளும் மனிசியும் இருக்கிற அந்த வீட்டுக்காக நீர்வேலியில் வாழைக்குலை வாங்கி, சைக்கிளில் கட்டி, நெல்லியடிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார்.

நான் கேள்வியைக் கேட்டேன்.

"உந்த வெளியை நான் எத்தினை ஆயிரம் தரம் கடந்திருப்பன், டொக்டர். ஒருநாளும் இறங்கினதில்லை."

"அது பஸ்ஸிலை. நான் சைக்கிளைக் கேக்கிறன்."

"சைக்கிளிலையோ?" சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நாலு தரம். முனியப்பரைச் சேர்த்தால் அஞ்சு."

அவரைப் படுக்க வைத்துப் பார்த்தோம், மருந்து கொடுத்தோம், நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைக் கொடுத்தோம். பீடியை விடச் சொன்னோம், குலை கட்டவேண்டாம் என்றும் சொன்னோம். பீடியை விட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு மாதமும் வந்து அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "குலை கட்டலாமோ, டொக்டர்?" நான் இல்லை என்று தலையாட்டினால் அவர் முகம் விழுந்து போகும். வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் குலைகளால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன்.

நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இப்போது நீங்கள் அதை மிட்டாய்போலக் கொடுக்கிறீர்கள். அப்போது கப்பல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஆகவே அதிகம் இறங்குகிறவருக்கு அதிகம், இறங்காதவருக்குக் கொஞ்சம் என்று பங்கிட்டோம். போத்தல் இல்லாததால் கடதாசியில் சுற்றித்தான் கொடுத்தோம்.

கார்த்திகையில் றைவர் அண்ணை வந்தார். ஆள் நிமிர்ந்து நடந்து வந்தார்.

"வரேக்கை எத்தனை தரம்?"

"ஒருதரமும் இல்லை, டொக்டர். பறந்து வந்தனான்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர் மட்டுமல்ல, அந்த மாதம் வடமராட்சியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோலச் சுகமாகியிருந்தார்கள். பெரிய டொக்டர் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். "தடையும் ஒரு நல்லது செய்திருக்குது, பாரும். எண்ணெய் இல்லை, சீனி இல்லை, இறைச்சி இல்லை. எல்லாரும் சைக்கிள் ஓடுகினம். எங்கடை சனத்துக்கு நெஞ்சு திருந்துது." எனக்கும் அது சரியாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் அரைவாசி சரியும்தான். உண்மையில் அரைவாசி சரியான விளக்கத்தைப் போல ஆபத்தான ஒன்றை நான் இந்தத் தொழிலில் காணவில்லை.

"அப்ப குலை கட்டலாமோ?" என்று கேட்டார் றைவர் அண்ணை.

பெரிய டொக்டர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு குலையோடை தொடங்குங்கோ" என்றார். குளிசையைக் குறைத்து, அவசரத்துக்கென்று கொஞ்சம் மட்டும் கடதாசியில் சுற்றிக் கொடுக்கச் சொன்னார். சுற்றிக் கொடுத்தது நான்தான். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கிச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கதவடியில் நின்று திரும்பிப் பார்த்து எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தை மாதத்தில் எங்கள் வாட்டில் தாதியாக இருந்த மிஸ்ஸி ஒருத்திக்குக் கலியாணம். நெல்லியடியில் பொம்பிளை வீடு. பெரிய டொக்டர் முதல் நாளே போய்விட்டார். நான் அன்று காலமைதான் கொக்குவிலிலிருந்து புறப்பட்டேன். காஞ்சிபுரச் சீலையைப் பேப்பரில் சுற்றிக் கரியரில் கட்டிக்கொண்டு, போய் அங்கே உடுக்கலாம் என்று நினைப்பு. நான் அந்தக் காலத்தில் நன்றாகச் சைக்கிள் ஓடுவேன். வயது முப்பத்தைந்து, ஒரு வருத்தமும் இல்லை.

வெளிக்குள் இறங்கியதும் காற்று என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வாடைக்காற்று, வடகிழக்குக் கடலிலிருந்து நேரே வருகிறது. எழும்பி நின்று மிதித்துப் பார்த்தேன். சைக்கிள் நின்ற இடத்திலேயே ஆடியது. வெளியிலிருக்கிற பாலம் வருவதற்குள் இறங்கிவிட்டேன். மூச்சு வாங்கியது. எனக்கு என்மீதே வெட்கமாக இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

எதிரே நெல்லியடியிலிருந்து வந்தவர்கள் மிதிக்காமலே என்னைக் கடந்து போனார்கள். ஒருவர் குடையைக்கூட விரித்துப் பிடித்திருந்தார். காற்று அவரைப் பட்டணத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது.

அந்தக் குடையைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. வடமராட்சிச் சனத்துக்கு நெஞ்சு திருந்தவில்லை. காற்று மாறியிருக்கிறது. அவ்வளவுதான். சோழகத்தில் எங்களிடம் வரும்போது எதிர்க்காற்று, கார்த்திகை தொடங்கினால் வரும்போது முதுகுக் காற்று. நாங்கள் கேட்டதெல்லாம் "வரேக்கை" என்றுதான். திரும்பிப் போகும்போது அவர்கள் எத்தனை தரம் இறங்கினார்கள் என்று ஒருவரையும் ஒருநாளும் கேட்டதில்லை. குளிசையை வேறு குறைத்துவிட்டோம். குலையும் கட்டச் சொல்லிவிட்டோம். நீர்வேலியிலிருந்து நெல்லியடிக்குக் குலையோடு போகிறவருக்கு இது முழுக்க எதிர்க்காற்று என்பது அப்போதுதான் என் தலைக்குள் ஏறியது.

தலையை நிமிர்த்திப் பார்த்தால், கொஞ்சம் தள்ளி முனியப்பரடியில் ஒரு சைக்கிள் சாத்தியிருக்கிறது. கரியரின் இரண்டு பக்கமும் வாழைக்குலை.

ஓடினேன். கோயில் மதிலோடு முதுகைச் சாய்த்து இருந்தார். கண் மூடியிருந்தது. அந்தக் குளிர் காற்றிலும் சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நிறம் சாம்பல்.

"றைவர் அண்ணை."

கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். "கும்பிட்டுக்கொண்டு இருக்கிறன், டொக்டர்."

"எழும்ப வேண்டாம். எவ்வளவு நேரமாய்க் கும்பிடுறியள்?"

கண்ணைத் திரும்பவும் மூடிக்கொண்டார்.

"குளிசை எங்கை?"

சேட்டுப் பையைத் தொட்டுக் காட்டினார். கடதாசியைப் பிரித்தேன். நான் சுற்றிக் கொடுத்தபடியே எல்லாம் இருந்தது. ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"ஏன் போடேல்லை?"

"அவசரத்துக்கெண்டு தந்தனீங்கள். முடிஞ்சால் பிறகு எங்கை போறது? அதுதான் வைச்சிருக்கிறன்."

"அப்ப இது என்ன, திருவிழாவோ?"

கோபத்தில் கத்திவிட்டேன். கோபம் அவரோடு அல்ல. எங்கள் சனம் அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கடைசி ஒன்றென்று மிச்சம் பிடித்தது. நெருப்புப்பெட்டி, சவர்க்காரம், மெழுகுதிரி. அதற்குள் இந்தக் குளிசையும் போய்விடும் என்று யோசிக்காதது யார் பிழை? ஒன்றை எடுத்து நாக்குக்குக் கீழே வைத்தேன். பார்த்துக்கொண்டு இருந்தேன். முகம் மாறவில்லை. இன்னொன்று வைத்தேன். அதுவும் அப்படித்தான். கடதாசியில் மாதக்கணக்காகக் கிடந்த குளிசை வீரியம் இழந்துவிட்டது. எங்களுக்கு அது தெரிந்திருந்தும் கொடுக்க வேறு ஒன்றும் இல்லாமல்தான் கொடுத்தோம்.

இனி என்ன செய்வது? பட்டணம் காற்றுத் தள்ளுகிற பக்கம்தான், ஆனால் தூரம். நெல்லியடி கிட்ட, ஆனால் காற்றுக்கு எதிரே. நடக்க வைத்தால் வழியிலேயே போய்விடுவார். சைக்கிள் கரியரில் ஏற்றி உருட்டினாலும் இந்தக் காற்றில் நான் எவ்வளவு தூரம் தள்ளுவேன்? போகிற வருகிறவர்களைக் கூப்பிடலாம், அவர்களிடமும் சைக்கிள்தான். அவசரத்தில் எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும், பிள்ளைகளே. அந்த நேரம் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்கிறதுதான் கஷ்டம். நான் அவரை அசைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். காற்றுக்கு முதுகைக் காட்டி, அவரை மறைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ஒரு வாகனம் வராமல் போகாது, வந்தால் இந்த இடத்தில் நிற்காமல் போகாது.

வந்தது. மண்ணெண்ணெய்ப் புகையை வெள்ளையாகக் கக்கிக்கொண்டு, பூமாலை கட்டிய ஒரு பழைய ஓஸ்ரின் கார். மாப்பிள்ளை கார். எங்கள் மிஸ்ஸியின் மாப்பிள்ளை.

முன் சீற்றிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் தேங்காயோடு இறங்கினார். நான் எழும்பிப்போய் விசயத்தைச் சொன்னேன். அவர் என்னையும் மதிலடியில் இருந்தவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. நல்ல காரியத்துக்குப் போறம். முகூர்த்தம் கிட்டுது. போய் இறங்கினவுடனை காரைத் திருப்பி அனுப்பிவிடுறன்."

"அதுவரைக்கும் இவர் இருக்கமாட்டார்."

பின் கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை இறங்கினான். பட்டு வேட்டி காற்றில் பறந்தது. தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். "ஏத்துங்கோ, டொக்டர். அப்பா, அவ மிஸ்ஸி. வருத்தக்காரனை விட்டிட்டு வந்தனான் எண்டு தெரிஞ்சால் தாலி கட்ட விடாள்."

அவனும் தோழனுமாக றைவர் அண்ணையைத் தூக்கிப் பின் சீற்றில் இருத்தினார்கள். அவருக்கு அப்போதும் குலைதான் கவலை. "குலை, தம்பி, குலை" என்றார். தோழன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சைக்கிளில் ஏறினான். என் சைக்கிளையும் காஞ்சிபுரத்தையும் முனியப்பரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஏறினேன்.

கார் புறப்பட்டது. றைவர் அண்ணையின் வலி குறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். முன் சீற்றிலிருந்த தகப்பன் கண்ணாடிக்குள்ளால் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெல்லத் தன் மடியை அவிழ்த்து, ஒரு சின்ன மண்ணிறக் கண்ணாடிப் போத்தலை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னுக்கு நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை. வெளிநாட்டுச் சீல் உடைத்துக் கனநாள் ஆகவில்லை.

"அப்பா?" என்றான் மாப்பிள்ளை.

"மூத்தவன் கனடாவிலையிருந்து அனுப்பினது" என்றார் அவர், றோட்டைப் பார்த்தபடி. "தகப்பனுக்கு நெஞ்சு வருத்தமெண்டு தெரிஞ்சால் சம்பந்தம் குழம்பிப்போகும். தாலி ஏறுமட்டும் ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளை."

எங்கள் ஊரில் இந்த வருத்தம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை நான் கிளினிக் வாங்கில் அறியவில்லை. அந்தக் காருக்குள்தான் அறிந்தேன். முன் சீற்றில் ஒன்று, பின் சீற்றில் ஒன்று. ஒருவர் சோற்றுக்காக மறைத்தார், மற்றவர் சம்பந்தத்துக்காக மறைத்தார்.

அந்தக் குளிசை வேலை செய்தது. கொஞ்ச நேரத்தில் றைவர் அண்ணையின் நெற்றி தளர்ந்தது. மூச்சு இறங்கியது. கண்ணைத் திறந்து காரின் சத்தத்தைக் கேட்டார்.

"தம்பி" என்றார் மாப்பிள்ளையிடம், மெல்லிய குரலில். "மூண்டாம் கியரிலை விடச் சொல்லுங்கோ. வாடைக்கு இந்த இடம் நாலிலை இழுக்காது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உங்கடை பஸ்ஸுக்கே மூண்டாம் கியர் வேணுமெண்டு தெரிஞ்ச உங்களுக்கு, உங்கடை நெஞ்சுக்கு வேணுமெண்டு தெரியேல்லையோ? போகேக்கை இறங்கிறனீங்கள் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வரேக்கை எண்டுதானே கேட்டனீங்கள்." யன்னலுக்கு வெளியே பார்த்தார். "சொன்னால் குலை கட்ட விடமாட்டியள்."

கலியாண வீட்டு வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்ற பெண்கள், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மனுசனைக் கண்டு திகைத்துப்போய் நின்றார்கள். மாப்பிள்ளை இறங்கினான். பந்தலுக்குள்ளிருந்து பெரிய டொக்டர் வேட்டி சால்வையோடு ஓடிவந்து அந்த இடத்தில் ஏறிக்கொண்டார். கார் அப்படியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. வழியில் நான் அவருக்குக் காற்றைப் பற்றிச் சொன்னேன். குடை பிடித்துக்கொண்டு போனவரைப் பற்றியும் சொன்னேன். அவர் கன நேரம் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, "நாங்கள் அரைவாசி வழியைத்தான் கேட்டிருக்கிறம்" என்றார். றைவர் அண்ணையின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களைச் சுகமெண்டு சொன்னது நான்."

ஒரு பெரிய வைத்தியர் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகும் அதிகம் கண்டதில்லை. றைவர் அண்ணை மற்றக் கையை ஆட்டினார். "அதுக்கென்ன, டொக்டர், காத்துத்தானே" என்றார்.

அவர் பிழைத்தார். அந்தக் கிழமையே வடமராட்சி நோயாளிகளுக்கெல்லாம் சந்தையிலும் கோயிலிலும் சங்கக் கடையிலும் சொல்லி அனுப்பி, திரும்பி வரச் செய்தோம். பாதிப் பேருக்கு மருந்தைத் திரும்பக் கூட்டவேண்டி இருந்தது. கரவெட்டியிலிருந்து ஒரு வாத்தியார் மட்டும் வரவில்லை. அவர் மார்கழியில், எங்களிடம் வந்துவிட்டுத் திரும்பிப் போகிற வழியில், செத்துப்போயிருந்தார். அன்றைக்கு அவரும் ஒருதரமும் இறங்கவில்லை என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். எனக்கு அவருடைய முகம் இன்னும் நினைவிருக்கிறது. சிரித்த முகம். தனக்குச் சுகமாகிவிட்டது என்று நம்பின முகம்.

அதன் பிறகு எங்கள் கிளினிக்கில் இரண்டு கேள்வி. "வரேக்கை?" "போகேக்கை?" குளிசையைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில்தான் கொடுத்தோம். போத்தல் கிடைக்காதபோது பென்சிலின் போத்தலைக் கழுவி அவித்துக் கொடுத்தோம். வலி வந்தால் போடு, முடிந்தால் வா, மிச்சம் பிடிக்காதே என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போலச் சொல்ல வைத்து அனுப்பினோம். மாப்பிள்ளையின் தகப்பன் கலியாணம் முடிந்த அடுத்த மாதமே எங்கள் வாங்கில் வந்து இருந்தார். மருமகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். உப்பில்லாத கறியைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முறைப்பாடுகளை இங்கே சொல்லமாட்டேன்.

றைவர் அண்ணை குலை கட்டுவதை விட்டுவிட்டார். மூத்த மகள் தையல் படித்தாள், மனிசி அப்பம் சுட்டு விற்றாள், அவர் சந்தையில் சைக்கிள் பாதுகாக்கிற இடத்தில் இருந்தார். மாதாமாதம் வருவார், இரண்டு கேள்விக்கும் உண்மை சொல்வார். பகிடியும் திரும்பி வந்தது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கிவர வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது உங்களில் பலர் பிறக்க முதல். கொக்குவிலிலிருந்து நானும் நடந்தேன். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களை நான் எண்ணவில்லை. என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, எண்ணி என்ன செய்ய? பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுக் கிளினிக் என்று பெயர் வைத்தோம்.

ஒருநாள் அந்த வாசலில் றைவர் அண்ணை நின்றார். நெல்லியடியிலிருந்து சைக்கிளில் வந்திருக்கிறார். கரியரில் ஒரே ஒரு சீப்பு வாழைப்பழம்.

"உங்களை ஆர் சைக்கிள் ஓடச் சொன்னது?"

"மெல்ல உருட்டிக்கொண்டுதான் வந்தனான்." என் சீலையையும் சேறு காய்ந்த காலையும் பார்த்தார். வீடு எப்படி என்று அவர் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பழத்தை மேசையில் வைத்துவிட்டு, நோயாளியின் வாங்கில் இருக்காமல் எனக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டார்:

"வரேக்கை எத்தினை தரம் இருந்தனீங்கள், டொக்டர்?"

இத்தனை வருசமும் நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. பாலத்துக்கு முன்னும் பின்னும் நான் எத்தனை தரம் அந்தச் சேற்றில் குந்தியிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. "தெரியேல்லை, அண்ணை" என்றேன்.

"போகேக்கை இருக்கத் தேவையில்லை. சொல்லி அனுப்புங்கோ. பஸ் ஒண்டு எடுத்துக்கொண்டு வாறன். முன் சீற்று உங்களுக்கு."

போகேக்கை என்ற சொல்லை அந்த நாட்களில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. போவோமா என்றே தெரியாது. அவர் அதை ஏதோ நாளைக்குக் காலமை என்பதுபோலச் சொன்னார்.

அடுத்த வருசம் நாங்கள் திரும்பிப் போனோம். அதற்கு முன்னமே அவர் போய்விட்டார் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். நித்திரையிலேயே போனாராம். சேட்டுப் பையில் போத்தல் இருந்ததாம், அரைவாசி முடிந்திருந்ததாம். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. மிச்சம் பிடிக்கவில்லை.

எங்களை ஏற்றிக்கொண்டு போனது ஒரு லொறி. டொக்டர் என்று முன்னால் இடம் தந்தார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டுப் பின்னால் சனத்தோடு ஏறிக்கொண்டேன். நாவற்குழிப் பாலம் கடக்கும்போது காற்று முகத்தில் அடித்தது. லொறி கொஞ்சம் திணறியது. மூன்றாம் கியரில் போடு என்று என் வாயில் வந்துவிட்டது.